கணவன் மனைவியாக முதுகுப் பையுடன் வெளிநாடு சென்றபோது, அந்த ஊர் மக்களின் அன்றாட வாழ்க்கையில் உங்களை வியக்க வைத்தது எது?

வியட்நாமில் அறிமுகமான ஒவ்வொருவரும் பெயரைக் கேட்பதற்கு முன்பே எங்கள் வயதைக் கேட்டதுதான்.

2019 ஆம் ஆண்டு நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பையுடன் வடக்கே ஹனோயிலிருந்து தெற்கே சைகோன் வரை மூன்று வாரங்கள் ரயிலிலும் பேருந்திலுமாகச் சென்றோம். முதல் நாள் காலையில், நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு ஃபோ என்ற நூடுல்ஸ் சூப் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி, கிண்ணத்தை நீட்டிய கையோடு கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி வழியாக வயதைக் கேட்டபோது எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. அங்கே அன்றாடப் பேச்சில் ‘நான்’, ‘நீ’ என்பவற்றின் இடத்தில் பெரும்பாலும் உறவுப் பெயர்களே வருகின்றன என்பதால், எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காகத் தொடங்க இயலாது. சற்று மூத்த ஆண் ‘அஞ்’, அதாவது அண்ணன். மூத்த பெண் ‘ச்சி’, அதாவது அக்கா. இளையவர் யாரானாலும் ‘எம்’. தந்தையின் தம்பிக்கும் அண்ணனுக்கும், நம் சித்தப்பா பெரியப்பாவைப் போலவே, தனித்தனிச் சொற்கள் உண்டு. கடைப் பையன்கள் ‘ச்சி, ச்சி’ என்று அழைத்தபோதெல்லாம் தன்னை விரட்டுகிறார்கள் என்றே என் மனைவி இரண்டு நாள் நினைத்திருந்தாள். அங்கே மனைவி கணவனையும் ‘அஞ்’ என்றே அழைப்பாள் என்று தெரிந்ததும், அந்த ஒன்று மட்டும் தனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நானோ ஹோய் ஆன் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திய நடுத்தர வயதுப் பெண்மணியை, மரியாதை என்று எண்ணி, பாட்டிக்கு உரிய ‘பா’ என்ற சொல்லால் அழைத்துவிட்டேன். மறுநாள் காலை வரை அவர் முகம் சரியாகவில்லை.

அந்தச் சொல்லை உரிய இடத்தில் பயன்படுத்த வாய்த்தது, அதற்கு முன்பு ஹனோயிலிருந்து நடு வியட்நாம் நகரமான ஹுவேக்குச் சென்ற இரவு ரயிலில்தான். ஹனோயிலிருந்து சைகோன் வரையிலான 1,726 கிலோமீட்டர் பாதை, பிரெஞ்சு ஆட்சியில் 1936 இல் முடிக்கப்பட்டு, நாடு பிரிந்தபோது துண்டாகி, 1976 இறுதியில் மீண்டும் இணைக்கப்பட்டது. இன்னும் மீட்டர் கேஜ்தான். நம் ஊர்ப் பழைய ரயில்களில் போனவர்களுக்கு அந்த ஆட்டம் புதிதாக இராது. ஆறு படுக்கைகள் கொண்ட பெட்டியில் எங்களுக்குக் கீழ்ப் படுக்கையில் இருந்த மூதாட்டி, ஒரு தகர டப்பாவைத் திறந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். என் மனைவி மேலிருந்து இறங்கி, ஓர் இலையைக் கேட்டு வாங்கி, துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகுப் பக்கம் சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து அவரிடமே நீட்டினாள். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்ப் படுக்கைக்காரர் எழுந்துவிட்டார். வெற்றிலைதான் பேச்சுக்குத் தொடக்கம் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

மூதாட்டி வயதைக் கேட்டு முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது: எத்தனை குழந்தைகள்? திருமணமாகி ஏழு ஆண்டுகளாக ஊரில் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்ட கேள்விதான். நான் பயண நூலில் படித்திருந்த ‘கோங்’, அதாவது ‘இல்லை’ என்ற சொல்லைச் சொன்னேன். மூதாட்டி வேகமாகக் கையை அசைத்து மறுத்து, ‘சுவா’ என்றார். செயலியில் பார்த்தோம்: ‘இன்னும் இல்லை’. திருமணத்தைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ கேட்டால், எந்த வயதிலும் அங்கே அப்படித்தான் பதில் சொல்வார்களாம். என் மனைவி சரியான ஏற்ற இறக்கத்துடன் சொல்லும் வரை, மூன்று நான்கு முறை, அவர் விடாமல் சொல்லிக்கொடுத்தார். பிறகு விளக்கை அணைத்தார்கள்.