முதல் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பும் முன்: பொறியியல் ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: "எந்த ஜர்னல் சீக்கிரம் போடும்?" பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் பேப்பர் கேட்கிறார்கள், அவசரம் புரிகிறது. ஆனால் லேபில் நீங்கள் கண்டதை, உங்களைப் பார்த்தே இராத ஓர் இன்ஜினியர் நம்பி எடுத்துப் பயன்படுத்தும்படி எழுதித் தருவதுதான் இந்த வேலை. என் பதில்கள் எல்லாம் அந்த நோக்கில்தான் இருக்கும்.

"ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போட்டு, சிமென்ட்டில் ஒரு பங்குக்கு ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) சேர்த்து, 7 நாள், 28 நாள் வலிமை எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்கோப்பஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) பட்டியலில் உள்ள ஜர்னலில் போடச் சொல்கிறார் கைடு. எங்கிருந்து தொடங்குவது சார்?" (எம்.இ. ஸ்ட்ரக்சுரல் மாணவர், குரோம்பேட்டை)

டைப் செய்ய உட்காருவதற்கு முன், உங்கள் ஆய்வில் புதிதாக என்ன தெரிந்தது என்பதை ஒரே வாக்கியத்தில், எண்ணோடு எழுதிப் பாருங்கள். "எம்-சாண்ட் கான்கிரீட்டின் வலிமையை ஆராய்ந்தோம்" என்பது நீங்கள் செய்த வேலை. கண்டது என்ன? அந்த வாக்கியம் வரவில்லை என்றால் பேப்பர் இன்னும் தயாராகவில்லை.

எம்-சாண்ட் பற்றியும் ஃப்ளை ஆஷ் பற்றியும் ஏற்கெனவே கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இன்னொரு வலிமை அட்டவணை மட்டும் கையில் இருந்தால், பெரும்பாலான எடிட்டர்கள் துறை வல்லுநர்களின் ரிவ்யூவுக்கே அனுப்பாமல் திருப்பிவிடுவார்கள். அதனால் உங்கள் தரவில் வேறு என்ன கேள்விக்கு விடை இருக்கிறது என்று தேடுங்கள். எம்-சாண்டில் இருக்கும் நுண்தூளின் அளவு மாறும்போது கலவையின் இளக்கம் எவ்வளவு குறைகிறது? இளக்கத்தைக் கூட்டும் ரசாயனமான சூப்பர்பிளாஸ்டிசைசர் எவ்வளவு கூடுதலாகத் தேவைப்பட்டது? ஈசிஆர் ஓரத்துக் கட்டடங்கள் உப்புக் காற்றிலேயே நிற்கின்றன. அமெரிக்கத் தரமுறையான ஏ.எஸ்.டி.எம். சி1202-ன்படி குளோரைடு ஊடுருவல் சோதனையையும் செய்ய முடிந்தால், உங்கள் கட்டுரையைப் படிக்க ஒருவருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

அடுத்தது, என்னிடம் ரிவ்யூவுக்கு வரும் பேப்பர்களில் அடிக்கடி பார்க்கும் குறை. ஒவ்வொரு கலவைக்கும் மூன்று கியூப் உடைத்து, சராசரியை மட்டும் போட்டுவிட்டு, "2 மெகாபாஸ்கல் கூடியது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த மூன்று கியூபுகளுக்குள்ளேயே 3 மெகாபாஸ்கல் வித்தியாசம் இருந்தால் அந்த 2-க்கு என்ன அர்த்தம்? கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்கட்டளை ஐ.எஸ். 456-ஏ, தனித்தனி மதிப்புகள் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது. அந்த வரம்புக்குள் இருக்கும் சிதறல்கூட சிறிய வித்தியாசங்களை விழுங்கிவிடும். திட்ட விலக்கத்தை (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) கட்டாயம் கொடுங்கள், வரைபடத்தில் பிழைக்கோடு (எரர் பார்) போடுங்கள். வித்தியாசம் சிதறலுக்குள் அடங்கிவிட்டால் "மாற்றம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். வலிமை குறையாமல் ஆற்று மணலைக் கைவிட முடிகிறது என்றால் கட்டட வேலைக்கு அது பெரிய செய்தி அல்லவா?

கட்டுரையை எழுதத் தொடங்கும் முன்பே ஜர்னலைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழ் திரும்பத் திரும்ப வருகிறதோ, உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நம்மூர் இதழ்களையும் ஒதுக்காதீர்கள். தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான சி.எஸ்.ஐ.ஆர்.–எஸ்.இ.ஆர்.சி. நிறுவனமே ஜர்னல் ஆஃப் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் என்ற இதழைக் கொண்டுவருகிறது. இந்திய அறிவியல் அகாடமியின் சாதனா இதழும் இருக்கிறது. தேர்ந்தெடுத்த இதழின் ஆசிரியர்களுக்கான விதிமுறைகளை முழுசாகப் படித்துவிட்டு, முதலில் வரைபடங்களையும் அட்டவணைகளையும் செய்யுங்கள். அப்புறம் செய்முறை, முடிவுகள், விவாதம். முன்னுரை அதற்குப் பிறகு. அப்ஸ்ட்ராக்ட் கடைசியில்.

"வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. '7 நாளில் ஸ்கோப்பஸ் பப்ளிகேஷன், 15,000 ரூபாய்' என்கிறார்கள். இணையதளம் பார்த்தால் நிஜம் போலத்தான் இருக்கிறது. நம்பலாமா?" (உதவிப் பேராசிரியர், பூந்தமல்லி)

வேண்டாம். ஒரு ரிவ்யூவர் உங்கள் பேப்பரை ஒழுங்காகப் படிக்கவே சில வாரம் ஆகும். ஏழு நாளில் ஏற்பு உறுதி என்றால், யாரும் படிக்கப் போவதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

சரி, சந்தேகம் வரும்போது எப்படிச் சரிபார்ப்பது? அவர்கள் அனுப்பிய லிங்க்கைத் தொடாமல் ஸ்கோப்பஸின் சொந்தத் தளத்துக்குப் போய், இதழின் அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். இதழ்ப் பட்டியலைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. பெயர் வருகிறதா என்பதோடு நிறுத்தாமல், எந்த ஆண்டு வரை இதழ் பட்டியலில் இருக்கிறது என்றும் பாருங்கள். இடையில் நிறுத்தப்பட்ட இதழ்கள் பழைய பெயரைச் சொல்லியே பணம் வாங்குகின்றன. உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு. அதனால் ஸ்கோப்பஸ் பக்கத்தில் காட்டும் பதிப்பகத்தின் பெயரும், நீங்கள் பார்க்கும் தளத்தை நடத்துபவரின் பெயரும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். முடிந்தால் ஆசிரியர் குழுவில் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்தைத் தேடி, அவர் அந்தப் பொறுப்பைத் தன் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தரமான இதழ்ப் பட்டியலான யு.ஜி.சி.–கேரில் இருக்கிறது என்று இன்னும் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அந்தப் பட்டியலை யு.ஜி.சி. 2025 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டது. இப்போது இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு கல்லூரிக்கும் உங்களுக்கும்தான்.

பெரிய பதிப்பகத்தின் பெயரும் முழுக் காப்பு ஆகாது. ஹிந்தாவி பதிப்பகம் 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் நிறைய, சிறப்பிதழ் என்ற பெயரில் வந்தவை. திரும்பப் பெற்ற கட்டுரை இணையத்திலிருந்து மறைந்துவிடாது. உங்கள் பெயரோடும் கல்லூரி பெயரோடும், 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடும் அங்கேயே இருக்கும்.

"எனக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. சப்மிஷன் படிவத்தில் இரண்டையும் கட்டாயம் கேட்கிறது." (ஆய்வு மாணவி, வேளச்சேரி)

தமிழ்நாட்டில் இது எல்லோருக்கும் வரும் தொல்லை. பெயர் எஸ். கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர்க் கட்டத்தில் எஸ், கடைசிப் பெயர்க் கட்டத்தில் கவிதா என்று கொடுத்தால், மேற்கோளில் நாம் எழுதும் வழக்கப்படியே எஸ். கவிதா என்று வரும். மாற்றிக் கொடுத்தால் கே. எஸ் ஆகிவிடும், தேடினால் கிடைக்காது. சிலர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் மேற்கோளில் அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். எதுவானாலும் முதல் பேப்பரில் தேர்ந்தெடுத்த வடிவத்தைக் கடைசி வரை மாற்றாதீர்கள், கல்யாணம் ஆனாலும். கூடவே ஆய்வாளரின் அடையாளமான ஆர்கிட் எண் ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள். 16 இலக்கம், இலவசம். ஒரே பெயரில் இன்னும் பல பேர் இருந்தாலும் உங்கள் கட்டுரைகள் உங்களோடே இருக்கும்.

"துறைத் தலைவர் பெயரையும், இன்னும் இரண்டு பேர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆய்வில் அவர்களுக்குப் பங்கே இல்லை. மறுத்தால் சிக்கல், சேர்த்தால் மனசு கேட்கவில்லை." (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

மனசு கேட்காதது சரிதான். ஆய்வைத் திட்டமிட்டதிலோ, தரவு எடுத்ததிலோ, அலசியதிலோ உண்மையான பங்கு இருக்க வேண்டும், எழுதியதிலும் கை இருக்க வேண்டும், இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டு அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். ஆசிரியர் என்பதற்கு ஆய்வு உலகம் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். லேபைத் திறந்துவிட்டது, கருவி வாங்க ஒப்புதல் தந்தது எல்லாம் நன்றியுரையில் சொல்ல வேண்டியவை.

நேருக்கு நேர் மறுப்பது ஒரு மாணவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்தச் சுமையைப் படிவத்தின் மீது இறக்கி வையுங்கள். பல இதழ்கள் இப்போது கிரெடிட் என்ற முறையில், 14 வகைப் பங்களிப்புகளில் யார் எதைச் செய்தார்கள் என்று எழுதித் தரச் சொல்கின்றன. "சார், இதழ் இதைக் கேட்கிறது, உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதட்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையிலேயே பங்களிக்க விரும்புபவர் கட்டுரையைப் படித்துத் திருத்தித் தருவார், விவாதத்தில் சேருவார், அப்போது பெயருக்குத் தகுதி வந்துவிடும். மற்றவர்களில் சிலர் தாங்களாகவே விலகிக்கொள்வதும் உண்டு. இத்தனைக்கும் மேல் வற்புறுத்தினால் கைடிடம் பேசுங்கள், இது உங்கள் தலையில் மட்டும் விழ வேண்டிய பாரம் அல்ல.

"சிமிலாரிட்டி (மற்ற கட்டுரைகளோடு ஒத்துப்போகும் அளவு) 27 சதவீதம் வந்துவிட்டது. ஒரு சாஃப்ட்வேரில் போட்டு மாற்றி எழுதிவிடலாமா? ஏ.ஐ. பயன்படுத்தலாமா?" (பிஎச்.டி. மாணவர், மேடவாக்கம்)

எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், ரிப்போர்ட்டைத் திறந்து வண்ணம் தீட்டிய வரிகளைப் படியுங்கள். மேற்கோள் பட்டியலும் சமன்பாடுகளும் சேர்ந்திருந்தால் அவற்றை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். யு.ஜி.சி.யின் 2018 விதிகள் இவற்றை விலக்கவே சொல்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பதும் அந்த விதிகளில்தான் இருக்கிறது. ஆனால் அது வெளிநாட்டு எடிட்டரைக் கட்டுப்படுத்தாது. ஒரே கட்டுரையிலிருந்து ஒரு முழுப் பத்தி வந்திருந்தால் 8 சதவீதத்திலும் அவர் நிராகரிப்பார்.

வார்த்தை மாற்றும் சாஃப்ட்வேர் பக்கம் போகவே போகாதீர்கள். பிக் டேட்டா என்பதை "கொலாசல் இன்ஃபர்மேஷன்" என்றும், ஆர்ட்டிஃபீஷியல் இன்டெலிஜென்ஸ் என்பதை "கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்" என்றும் அவை மாற்றி வைத்தன. இப்படிப்பட்ட சொற்களைத் தேடியே ஆயிரக்கணக்கான சந்தேகக் கட்டுரைகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மூலத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும்.

இலக்கணம் திருத்த ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்துவதைப் பல இதழ்கள் ஏற்கின்றன, பயன்படுத்தியதைச் சொல்லச் சொல்கின்றன. அதை ஆசிரியராகப் போட முடியாது. அது தரும் மேற்கோள்களை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், இல்லாத கட்டுரைகளை அச்சு அசலாக உண்டாக்கித் தரும். ஒவ்வொரு மேற்கோளின் டி.ஓ.ஐ. இணைப்பையும் திறந்து பாருங்கள்.

"மேஜர் ரிவிஷன் வந்திருக்கிறது. ஒரு ரிவ்யூவர் எஸ்.இ.எம். (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படம் கேட்கிறார், எங்கள் கல்லூரியில் வசதி இல்லை. இன்னொருவர் தன் ஐந்து பேப்பரை மேற்கோள் காட்டச் சொல்கிறார். சோர்ந்துவிட்டேன்." (உதவிப் பேராசிரியை, ஆவடி)

சோர்வு வேண்டாம், இது நல்ல செய்தி. எடிட்டருக்கு விருப்பம் இல்லையென்றால் நேராக நிராகரித்திருப்பார்.

இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்துவிட்டு, அப்புறம் எல்லாக் குறிப்புகளையும் ஒரு கோப்பில் அப்படியே எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் உங்கள் பதில், கட்டுரையில் என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கம், எந்த வரி. "திருத்திவிட்டோம்" என்று மட்டும் எழுதினால் ரிவ்யூவர் 30 பக்கத்தில் தேட வேண்டியிருக்கும், எரிச்சல்தான் வரும். மாற்றிய வரியையே பதிலுக்குள் போட்டுவிடுங்கள். ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவரோடு சண்டை போடாமல், அந்தப் பத்தி தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொண்டு திருத்தி எழுதுங்கள்.

எஸ்.இ.எம். படத்துக்கு வழி இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கும் சைஃப் என்ற ஆய்வுக்கருவி மையம் வெளிக் கல்லூரி மாதிரிகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருகிறது. வரிசை நீளமாக இருந்தால் எடிட்டருக்குக் கடிதம் எழுதி அவகாசம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். உடைத்த மாதிரிகளே கையில் இல்லை என்றால், நுண்ணமைப்பு பற்றிக் கட்டுரையில் நீங்கள் சொன்ன வாக்கியத்தை நீக்கிவிட்டு, அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை என்று நேர்மையாக எழுதுங்கள். ஆதாரம் இல்லாத வாக்கியத்தைக் காப்பாற்ற முயல்வதைவிட அதை விடுவது கட்டுரைக்கு நல்லது.

அந்த ஐந்து பேப்பரையும் படித்துப் பாருங்கள். உங்கள் விஷயத்துக்குத் தொடர்புடையதை மட்டும் சேருங்கள். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்பதைப் பதிலில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, எடிட்டருக்குத் தனிக் கடிதத்திலும் தெரிவியுங்கள். ரிவ்யூவர் இப்படிக் கேட்பது முறையல்ல என்று எடிட்டர்களுக்கே தெரியும்.

"ஓப்பன் ஆக்சஸ் கட்டணம் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். தனியார் கல்லூரி, நிதி கிடையாது." (சிறுசேரியிலிருந்து)

கட்டணமே இல்லாத வழி பெரும்பாலான நல்ல இதழ்களில் இருக்கிறது. சந்தா வழி (வாசகர் தரப்பு பணம் தருவது), ஓப்பன் ஆக்சஸ் (ஆசிரியர் தரப்பு பணம் தருவது, வாசகருக்கு இலவசம்) இரண்டும் உள்ள இதழில் ஏற்பு வந்தபின் எது வேண்டும் என்று கேட்பார்கள். சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பைசா தர வேண்டாம். மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.ட்ரிபிள்.இ.யின் சில ட்ரான்ஸாக்ஷன்ஸ் இதழ்களில் மட்டும் பக்க வரம்பை மீறினால் கட்டணம் வரும், அதை முன்பே பார்த்துவிடுங்கள்.

"ஆலையில் ஒரு புதிய ஃபிக்ஸ்ச்சர் (வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு) வடிவமைத்தேன். பேப்பரும் போட வேண்டும், பேட்டன்ட்டும் வேண்டும். எது முதலில்?" (பகுதிநேர ஆய்வு மாணவர், அம்பத்தூர்)

பேட்டன்ட்தான். கட்டுரை வெளிவந்துவிட்டால் உங்கள் வடிவமைப்பு உங்களாலேயே பழையதாகிவிடும், புதுமை இல்லை என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். கருத்தரங்கில் பேசுவதும் ஆபத்துதான். முழு விவரம் தயாராகாவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம், முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். ஆனால் அந்தத் தேதி, தற்காலிக விண்ணப்பத்தில் எழுதியதை மட்டுமே காக்கும். அதனால் கட்டுரையில் வெளியிடப் போகும் வடிவமைப்பு விவரம் முழுவதும் அதில் இருக்கட்டும். தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். வேலை செய்யும் நிறுவனத்தில் வடிவமைத்தது என்பதால், உரிமை யாருக்கு என்று உங்கள் பணி ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண் கைக்கு வந்த மறுநாளே பேப்பரை சப்மிட் செய்யலாம்.