எட்டு மணி நேரம் என்றால் எத்தனை மாதம்?

கேள்வி: ஜெனரேட்டருக்காக 200 லிட்டர் பி100, அதாவது கலப்பில்லாத பயோடீசல் வாங்கி டிரம்மில் வைத்தேன். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இப்போது மூடியைத் திறந்தால் பெயிண்ட் மாதிரி வாடை. விற்றவர் கொடுத்த சான்றிதழில் 'ஆக்சிஜனேற்ற நிலைப்புத்தன்மை 8.4 மணி நேரம்' என்று இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? எரிபொருளைப் பயன்படுத்தலாமா?

பதில்: சோதனை செய்யாமல் ஊற்றாதீர்கள். அந்த வாடை நல்ல அறிகுறி இல்லை.

சமையல் எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகிறது இல்லையா, இங்கேயும் அதேதான் நடக்கிறது. பயோடீசல் என்பது எண்ணெய், கொழுப்பிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர். அதிலுள்ள இரட்டைப் பிணைப்புகளுக்குப் பக்கத்தில் காற்றின் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு பெராக்சைடு உருவாகிறது. பெராக்சைடு உடைந்து ஆல்டிஹைடும் அமிலமும் வருகின்றன, வாடை அவற்றால்தான். இன்னொரு பக்கம் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகின்றன. வடிகட்டியை அடைப்பதும் இன்ஜெக்டரில் படிவதும் அந்தப் பிசின்தான். எந்த எண்ணெயில் செய்தது என்பதும் முக்கியம். லினோலெனிக் அமிலம், அதாவது இரட்டைப் பிணைப்புகள் அதிகமுள்ள கொழுப்பமிலம், நிறைய இருக்கும் எண்ணெயில் செய்தது சீக்கிரம் கெடும். நிறைவுற்ற கொழுப்பில் செய்தது தாங்கும், ஆனால் குளிரில் உறையும்.

சரி, அந்த 8.4 மணி நேரத்துக்கு வருவோம். அது ரான்சிமாட் சோதனையின் முடிவு. சுமார் 3 கிராம் மாதிரியை 110 டிகிரி செல்சியஸில் வைத்து, மணிக்கு 10 லிட்டர் காற்றை அதன் வழியே செலுத்துவார்கள். எண்ணெய் சிதையும்போது ஆவியாகும் அமிலங்களைக் காற்று அடித்துக்கொண்டு போய்ச் சுத்தமான நீரில் சேர்க்கும். நீரின் மின்கடத்துத்திறன் திடீரென்று ஏறும் வரை ஆன நேரத்தைத்தான் மணிக்கணக்கில் எழுதுகிறார்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 14214 குறைந்தது 8 மணி நேரம் கேட்கிறது. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி6751 கேட்பது 3 மணி நேரம்தான். வாங்கும்போது எந்தத் தரத்தின்படி என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

அந்த மணிக்கணக்கை மாதக்கணக்காக மாற்றிப் பார்க்க முடியாது. மாதிரி எடுத்த அன்று எரிபொருள் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். உங்கள் டிரம்மில் காற்று எவ்வளவு, வெயில் பட்டதா, பித்தளைக் குழாய் பொருத்தியிருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தாமிரமும் பித்தளையும் சிதைவை விரைவுபடுத்தும். அடியில் தேங்கும் நீரில் நுண்ணுயிரிகள் வளரும். சேமிப்பை நேராகவே பார்க்கும் சோதனையும் இருக்கிறது: 43 டிகிரியில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பது. அங்கே ஒரு வாரம், சாதாரண சேமிப்பில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குச் சமம். நீண்ட நாள் வைக்கப்போகிறீர்கள் என்றால் இதையும் விற்பவரிடம் கேளுங்கள்.

இப்போது ஆய்வகத்தில் ரான்சிமாட்டுடன் அமில எண், அதாவது எரிபொருளில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற அளவு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அமில எண் 0.50-ஐத் தாண்டினால் இரண்டு தரங்களின்படியும் அது தேறாது. பெராக்சைடு அளவை மட்டும் நம்ப வேண்டாம். அது ஏறி, பிறகு பெராக்சைடு உடையும்போது தானே இறங்கும். அதனால் கெட்டுப்போன எரிபொருளிலும் குறைவாகக் காட்டலாம்.

கேள்வி: ஆக்சிஜனேற்றத் தடுப்பான் சேர்த்தால் பழையதைக் காப்பாற்றலாமா? புதியதோடு கலக்கலாமா?

பதில்: முடியாது. டிபிஹெச்க்யூ போன்ற தடுப்பான்கள் சிதைவைத் தள்ளிப்போடும்; நடந்த சிதைவைத் திருப்பாது. தயாரித்த உடனே சேர்த்தால்தான் முழுப் பலன். பழையதில் இருக்கும் பெராக்சைடு புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். சாதாரண டீசலோடு கலந்தால் கரைந்திருந்த பிசின் பிரிந்து அடியில் படியவும் கூடும்.

கேள்வி: ஆய்வகத்துக்கு மாதிரி எப்படி எடுப்பது?

பதில்: டிரம்மின் அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று. அடியில் எடுத்ததில் நீரும் கசடும் தெரியும், அமில எண்ணுக்கும் ரான்சிமாட்டுக்கும் நடுவில் எடுத்ததைக் கொடுங்கள். நிறமுள்ள கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, வெயில் படாமல் அன்றே கொண்டுபோங்கள். எடுத்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள்.