நியூசிலாந்தில் நகராட்சி இருக்கும்போது தனியாக ‘மண்டல மன்றம்’ எதற்கு?

மண்டல மன்றம் என்பது ஆறு, மண், காற்று, கடலோரம் இவற்றைப் பார்த்துக்கொள்ள மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஓர் உள்ளாட்சி அமைப்பு. 1989இல் நியூசிலாந்து தன் உள்ளாட்சியையே கலைத்துப் போட்டு அடுக்கியது. சுமார் 850 குட்டிக் குட்டி அமைப்புகள் 86 ஆகக் குறைந்தன, வெள்ளத்தடுப்பையும் மண் அரிப்பையும் கவனித்துவந்த பழைய வாரியங்களின் வேலை மண்டல மன்றங்களுக்கு வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எல்லைக்கோடுதான். முடிந்தவரை ஆற்றுப்படுகையைப் பார்த்தே வரைந்தார்கள். அதாவது மழைத்தண்ணீர் எந்த மேட்டிலிருந்து எந்த ஆற்றுக்கு ஓடுகிறதோ அந்த நிலம் முழுவதும் கூடியவரை ஒரே மன்றத்தின் கீழ்.

ஏன் அப்படி? நம் ஊர் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமடைக்காரர் தண்ணீரை மறித்தால் கடைமடை காயும், மேலே சாக்கடையைக் கலந்தால் கீழே இருப்பவர் வயலில்தான் அது வந்து நிற்கும், ஆளுக்கொரு பஞ்சாயத்து என்றால் யாரிடம் போய் முறையிடுவது? வைக்காட்டோ ஆறு 425 கிலோமீட்டர் ஓடுகிறது, வழியில் மாட்டுப்பண்ணைகள், மின் நிலையங்கள், ஹாமில்டன் நகரம். இத்தனைக்கும் ஊருக்கு ஊர் தனித்தனிக் கணக்கு வைத்தால் ஆறு தாங்காது. 1991இல் வந்த வள மேலாண்மைச் சட்டம், தண்ணீர் எடுக்கவும் கழிவுநீர் விடவும் அனுமதி தரும் பொறுப்பை இந்த மன்றங்களிடமே கொடுத்தது.

அப்புறம், மண்டல மன்றம் நகராட்சிக்கு மேலதிகாரி என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை: உள்ளூர்ச் சாலை, குப்பை, குடிநீர்க் குழாய் எல்லாம் நகராட்சியின் வேலைதான், சுற்றுச்சூழல் விஷயத்தில் மட்டும் அதன் திட்டம் மண்டலக் கொள்கையோடு ஒத்துப்போக வேண்டும்.