கேரவன் வண்டிக்கு எந்தக் காப்பீடு எடுப்பது?

கேள்வி: நானும் என் மனைவியும் ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஓய்வுக்காலப் பணத்தில் 16 லட்சம் ரூபாய்க்கு ஒரு டீசல் வேன் வாங்கி, தற்காலிகப் பதிவோடு பாடி கட்டும் பட்டறையில் விட்டு, மேலும் 9 லட்சம் செலவில் படுக்கை, சமையல் மேடை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்தியிருக்கிறோம். நிரந்தரப் பதிவு இனிமேல்தான். காப்பீட்டுக்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கின்றன. ஒன்று தேர்டு பார்ட்டி, அதாவது எங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கு மட்டுமானது. இரண்டாவது முழுக் காப்பீடு. அதில் வண்டியின் மதிப்பு 15 லட்சத்து 20 ஆயிரம். மூன்றாவதும் முழுக் காப்பீடுதான். மதிப்பு 23 லட்சத்து 75 ஆயிரம், பிரீமியம் கணிசமாகக் கூடுதல். முகவர் இரண்டாவதே போதும் என்கிறார். எதை எடுப்பது?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டாவதை எடுக்காதீர்கள், ஐயா. மூன்றில் அதுதான் உங்களை அதிகம் ஏமாற்றக்கூடியது. முழுக் காப்பீடு என்ற பெயர் இருப்பதால், எல்லாம் அடங்கிவிட்டது என்ற எண்ணத்தை அது உண்டாக்கும். உள்ளே நீங்கள் செலவழித்த 9 லட்சம் அதில் இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட வண்டிக்கு விலையில் 5 சதவீதம் கழித்து மதிப்பு போடுவது வழக்கம். 16 லட்சத்தில் 5 சதவீதம் கழித்தால் 15 லட்சத்து 20 ஆயிரம். 25 லட்சத்தில் கழித்தால் 23 லட்சத்து 75 ஆயிரம். ஐ.டி.வி. எனப்படும் இந்த மதிப்புதான் வண்டி திருடு போனாலோ முற்றிலும் சேதமடைந்தாலோ உங்கள் கைக்கு வரும் தொகையின் உச்சம். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முற்றிலும் சேதமடைந்ததாகவே கருதப்படும். அப்படியொரு நாளில், இரண்டாவது பாலிசிக்கும் மூன்றாவது பாலிசிக்கும் இடையே 8 லட்சத்து 55 ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருக்கும். பிரீமியத்தில் மிச்சமாகும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் மூன்றாவதையும் அப்படியே கையெழுத்திட்டு வாங்கிவிடச் சொல்ல மாட்டேன். கொட்டேஷன்களை ஒப்பிடுவதற்கு முன்னால், ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழில் என்ன எழுதப்படப் போகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். சங்ககிரி, நாமக்கல், கரூர் வட்டாரத்தில் லாரிக்கும் பேருந்துக்கும் பாடி கட்டுவதில் தலைமுறை அனுபவம் உள்ள பட்டறைகள் நிறைய உண்டு. ஆனால் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரவிதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற வடிவத்தில்தான் உங்கள் வண்டி கட்டப்பட்டது என்பதற்கான சான்றிதழைப் பட்டறையிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். பதிவின்போது வண்டியின் வகை மோட்டார் கேரவன் என்றும், பயன்பாடு சொந்த உபயோகம் என்றும் பதிவாக வேண்டும். சாதாரண வேன் என்று பதிவு செய்துவிட்டு உள்ளே வீடு கட்டி வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுக்கு அது முரணாகும். தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. இழப்பீடு கேட்கும் நாளில், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கையில் எடுப்பது ஆர்.சி.யைத்தான். நிரந்தரப் பதிவு இன்னும் ஆகவில்லை என்பதால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொள்ள உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. இதைத் தவற விடாதீர்கள்.

அடுத்து, மூன்றாவது நிறுவனம் உங்கள் வண்டியை எந்த வகுப்பில் வைத்துக் கணக்கிட்டிருக்கிறது என்று கேளுங்கள். கேரவனைச் சில நிறுவனங்கள் தனியார் காராகக் கொள்கின்றன; சில, சிறப்புவகை வண்டியாகக் கொள்கின்றன. தேர்டு பார்ட்டி பிரீமியத்தைப் பார்த்தே இதை ஓரளவு ஊகிக்கலாம். அந்தக் கட்டணத்தை அரசுதான் நிர்ணயிக்கிறது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறாது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, 1500 சி.சி.க்கு மேற்பட்ட புதிய தனியார் காருக்கு மூன்றாண்டுகளுக்கு வரி நீங்கலாக 24,596 ரூபாய். இந்த அட்டவணை அவ்வப்போது திருத்தப்படுவது என்பதால் நடப்புத் தொகையோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கொட்டேஷனில் அந்தத் தொகை இருந்தால் தனியார் கார் வகுப்பு. வேறு தொகை என்றால் காரணம் கேட்க வேண்டும்.

வகுப்பு மாறினால் பாலிசியின் வாசகமே மாறிவிடும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். தனியார் காருக்கான பாலிசியில் இல்லாத இரண்டு விலக்குகள் வணிக வண்டிக்கும் சிறப்புவகை வண்டிக்குமான பாலிசியில் இருக்கும். வண்டி திருடு போகாமல் அதில் பொருத்திய துணைக்கருவிகள் மட்டும் திருடு போனால் இழப்பீடு இல்லை என்பது ஒன்று. கூரையில் இருக்கும் சோலார் தகட்டை இரவில் யாரோ கழற்றிக்கொண்டு போனால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். மற்றொன்று, விளக்கு, மட்கார்டு, பம்பர், பானெட்டின் பக்கப் பகுதிகள், பெயிண்ட் ஆகியவற்றுக்கு மட்டும் ஏற்படும் சேதம் அடங்காது என்பது, ஐ.எம்.டி. 23 என்ற இணைப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் அது அடங்கும். ஆகவே தனியார் கார் வகுப்பில் தரும் நிறுவனத்தையே தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இணைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பொருத்திய சாதனங்களை மொத்தமாக '9 லட்சம்' என்று எழுதவும் விடாதீர்கள். மின்சாதனங்கள் தனி, கட்டில், அலமாரி போன்றவை தனி. சோலார், பேட்டரி, இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் மதிப்பில் பெரும்பாலும் 4 சதவீதம் கூடுதல் பிரீமியமாக வாங்குவார்கள். அவை 2 லட்சம் என்றால் ஆண்டுக்கு 8,000 ரூபாய். பட்டறையின் ஜி.எஸ்.டி. பில்லில் ஒவ்வொரு பொருளும் விலையோடு இருந்தால் இந்தப் பிரிப்பு எளிது. சமையல் எரிவாயு சிலிண்டர் வைத்திருந்தால் அதையும் விண்ணப்பத்திலேயே தெரிவித்துவிடுங்கள். தீவிபத்தும் வெடிப்பும் முழுக் காப்பீட்டில் அடங்கியவைதான். ஆனால் தெரிவிக்காத சிலிண்டர், இழப்பீட்டை மறுப்பதற்கான காரணமாகத் திரும்பி வரும்.

தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தரும் ஜீரோ டெப் இணைப்பு கேரவனுக்கு அவசியம் என்றே கருதுகிறேன். அது இல்லாவிட்டால் மாற்றும் உதிரிபாகங்களில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையும் ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். கேரவனின் உட்புறமே பெரும்பாலும் இவற்றால் ஆனதுதானே. உள்ளே பொருத்தியவற்றுக்கும் இந்த இணைப்பு பொருந்துமா என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்குப் போய்வரும் எண்ணம் இருந்தால் வண்டியை இழுத்துச் செல்லும் செலவையும் பாருங்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். நிலச்சரிவும் பாறைச்சரிவும் முழுக் காப்பீட்டின் ஆபத்துப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம் பெற்றவை; தேர்டு பார்ட்டி பாலிசியில் அவற்றுக்கு ஒரு ரூபாயும் கிடையாது. ஆனால் சேதமடைந்த வண்டியை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டு செல்ல, தனியார் கார் பாலிசியின் அடிப்படை வாசகம் ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய் மட்டுமே தருகிறது. இவ்வளவு கனமான வண்டியை வளைவிலிருந்து மீட்டுச் சேலத்துக்கு இறக்க அது எந்த மூலைக்கும் போதாது. சாலையோர உதவி இணைப்பு எடுக்கும்போது, உங்கள் வண்டியின் நீளத்துக்கும் எடைக்கும் அது பொருந்துமா, மலைப்பாதைக்கு வருவார்களா என்று கேளுங்கள்.

உடைகள், கேமரா, மடிக்கணினி போன்றவை வண்டியின் பாலிசியில் சேராது. அவற்றுக்கான இணைப்பு உண்டு, ஆனால் உச்சவரம்பு சிறியது. விலை உயர்ந்த பொருள் இருந்தால் தனிப் பாலிசி எடுப்பதே முறை. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். அதுபோல உங்கள் மனைவி உட்பட உடன் பயணம் செய்வோருக்கும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டமும் அதில் ஒரு விருந்தினர் விடுதியும் இருக்கின்றன. சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த கேரவனை, நாங்கள் பயன்படுத்தாத நாட்களில் விருந்தினர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கலாமா? பாலிசி முழுக் காப்பீடுதான்.
- வாசகி, ஏற்காடு

பதில்: கொடுக்கக் கூடாது, அம்மா. உங்கள் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பகுதி இருக்கும். வாடகைக்கோ கட்டணத்துக்கோ பயன்படுத்தும்போது காப்பீடு இல்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கும். தெரிந்தவருக்குக் கொடுத்து டீசலுக்கு என்று பணம் வாங்கினாலும் அந்தக் கேள்வி எழும். தனியார் வண்டி வாடகைக்கு விடப்பட்டதாகக் கூறி நிறுவனம் முற்றாக மறுத்த ஒரு வழக்கில், ஒரு பகுதியையாவது தர வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அது பல ஆண்டுகள் வழக்காடிக் கிடைத்த பகுதித் தொகை. அதை நம்பித் தொழில் நடத்த முடியாது. சாலையில் வேறொருவருக்கு அடிபட்டால் நிலைமை இன்னும் கடுமையாகும்: நிறுவனம் அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவதுண்டு. அந்தத் தொகைக்கு உச்சவரம்பே இல்லை. தோட்டத்தை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதற்கு 10,000 ரூபாய் அபராதம் வேறு.

வாடகைக்கு விடுவதுதான் நோக்கம் என்றால், வண்டியைப் போக்குவரத்து வண்டியாக மாற்றிப் பதிவு செய்து, பெர்மிட்டும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றிதழும் பெற்று, வாடகைப் பயன்பாட்டுக்கான பாலிசியை எடுங்கள். பிரீமியம் உயரும்; அந்த உயர்வைத் தாங்கும் வருமானம் வருமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓட்டுநர் உரிமம் பற்றிப் பலருக்கு இருந்த குழப்பம் தீர்ந்துவிட்டது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியிருக்கிறது. வண்டியை ஓட்டாமல் தோட்டத்துக்குள்ளேயே நிறுத்தி அறையாக விட நினைத்தாலும், உள்ளே தங்கும் விருந்தினருக்கு ஏற்படும் காயத்துக்கு மோட்டார் பாலிசியை நம்பாதீர்கள். விடுதிக்கான பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் அந்த வண்டியையும் குறிப்பிடச் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் கேரவன் ஆண்டில் பத்து மாதம் ஷெட்டில்தான் நிற்கிறது. அந்த மாதங்களுக்குப் பிரீமியம் கட்டாமல் இருந்தால் என்ன?
- வாசகர், சீலநாயக்கன்பட்டி, சேலம்

பதில்: தேர்டு பார்ட்டி காப்பீடு எப்போதும் இருக்க வேண்டும்; அது இல்லாமல் சாலைக்கு எடுத்தால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் வண்டிக்கு நேரும் இழப்புக்கான சொந்தச் சேதப் பகுதியை விட்டுவிட்டால், ஷெட்டில் நிற்கும்போது நேரும் திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் பாதுகாப்பு இருக்காது. காலாவதியாகி 90 நாட்களைத் தாண்டினால், இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடியும் பறிபோகும். அதற்குப் பதிலாக, ஓடும் கிலோமீட்டருக்கேற்பச் சொந்தச் சேதப் பிரீமியம் குறையும் திட்டத்தைக் கேளுங்கள். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு அனுமதி தந்திருக்கிறது. அறிவித்த தூரத்தைத் தாண்டினால் என்ன விதி என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: குப்பனூர் வழியாக மலையிறங்கும்போது எங்கள் கேரவன் தடுப்புச் சுவரில் மோதியது. வெளிப்புறச் சேதத்துக்குப் பணம் தந்த நிறுவனம், பாலிசியில் மதிப்போடு குறிப்பிட்டிருக்கும் உள் அலமாரிகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் மறுத்துவிட்டது. எங்கே முறையிடுவது?
- வாசகி, அயோத்தியாப்பட்டணம்

பதில்: பாலிசியில் மதிப்போடு இருப்பதால் உங்கள் தரப்பு வலுவானது. முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் பிறப்பிக்கும் தீர்வு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் மற்றொரு வழி. ஆனால் அங்கே வழக்குத் தொடுத்துவிட்டால் குறைதீர்ப்பாளர் அதே புகாரை ஏற்க மாட்டார் என்பதால், முதலில் சென்னை மனுவையே செய்யுங்கள். பாலிசியின் முழுப் பிரதி, பட்டறை பில், மறுப்புக் கடிதம், விபத்தன்று எடுத்த படங்கள் ஆகியவற்றோடு சர்வேயர் அறிக்கையையும் இணையுங்கள். அறிக்கையின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.