மூலநிரலை மூடி வைக்கும் தனியுரிம மென்பொருள், யாரும் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்கு வருவதால் நன்மை உண்டா?

உண்டு. ஆனால் அது எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். பயனர் தானாக நிறுவி, பிடிக்காவிட்டால் தூக்கிவிடக்கூடிய செயலியாக வந்தால் நான் வரவேற்பேன். அது இல்லாமல் இயங்குதளமே நகராது என்ற இடத்தைப் பிடித்தால் கவலைதான். மாடியை வாடகைக்கு விடலாம், கிணற்றை அடுத்தவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது.

நல்ல பக்கத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஸ்டீம். அது வால்வ் நிறுவனத்தின் கேம் கடை. அதன் மூலநிரலை நாம் பார்க்க முடியாது, அங்கே விற்கும் கேம்களும் பெரும்பாலும் அப்படித்தான். 2012இல் விண்டோஸ் 8 தனக்கென்று ஒரு கடையோடு வந்தபோது, நாளைக்கு மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வால்வுக்கு வந்தது. 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வெளியானது. லினக்ஸ் மீது பாசம் பொங்கி அல்ல, பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

பிழைப்புக்காக வந்தவர்கள் வேலையை அரைகுறையாக விடவில்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் 2018இல் வந்தது. அதன் அடிப்படை வைன் என்ற கட்டற்ற மென்பொருள், பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்களும் கோட்வீவர்ஸ் நிறுவனமும் சேர்ந்து வளர்த்தது. வால்வ் அதில் பணத்தைக் கொட்டியது, புரோட்டானின் மூலநிரலையும் திறந்தே வைத்தது. லினக்ஸில் கிராஃபிக்ஸைக் கவனிக்கும் கட்டற்ற மேசா தொகுப்பில், ஏஎம்டி கார்டுகளுக்கான ஏகோ கம்பைலர் (கேமின் கிராஃபிக்ஸ் நிரலைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றுவது) வால்வ் செலவில் எழுதப்பட்டது. விண்டோஸ் கேம்கள் ஒரே நேரத்தில் பல நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும். அதை லினக்ஸில் நேரடியாகச் செய்ய நல்ல வழி இல்லாததால், 2022 ஜனவரியில் வெளியான 5.16 கெர்னலில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக் கரு) அதற்கென ஒரு புதிய சிஸ்டம் கால், அதாவது நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி, சேர்ந்தது. அதற்குப் பின்னாலும் வால்வ்தான். நாளைக்கே ஸ்டீம் கடையை மூடினாலும் இதெல்லாம் நம்மிடமே இருக்கும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன்கூட 2012இல் இதைப் பற்றி எழுதினார். இத்தகைய கேம்கள் பயனரின் சுதந்திரத்தைப் பறிக்கின்றன என்பதில் அவர் இறங்கி வரவில்லை. ஆனால் விளையாடியே தீருவேன் என்பவர் விண்டோஸைவிட லினக்ஸில் விளையாடுவது மேல் என்றார். அவரிடமிருந்து அந்த அளவு வந்ததே பெரிய விஷயம்.

இப்போது கிணற்றுக்கு வருவோம், அதாவது வன்பொருளை இயங்குதளத்தோடு பேச வைக்கும் டிரைவர்கள். கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா பல ஆண்டுகளாகத் தன் டிரைவரை மூடியே வைத்திருந்தது. கார்டு வேகமாக ஓடும் என்பது உண்மை. ஆனால் கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் கறுப்புத் திரை வந்தால், அதைச் சரிசெய்யும் உரிமை அந்த நிறுவனத்தைத் தவிர யாருக்கும் இருக்கவில்லை. மூடிய மாட்யூலை (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டை) ஏற்றியதும் கெர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கணினியிலிருந்து பிழை அறிக்கை போனால், மாட்யூலைக் கழற்றிவிட்டு மறுபடி முயன்று பாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் பதில். தன்னார்வலர்கள் எழுதிய நூவோ டிரைவர் மாற்றாக இருந்தது. ஆனால் 900 வரிசை கார்டுகளில் என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வந்ததும், கார்டின் முழு வேகத்தை அதனால் எட்ட முடியாமல் போனது. 2012இல் பின்லாந்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமரா முன்னாலேயே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது சும்மா இல்லை. 2022இல் கெர்னல் பகுதியை மட்டும் என்விடியா திறந்துவிட்டது. மேலே இருக்கும் பெரும்பகுதி இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது பிட்கீப்பர் கதை. 2002இல் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலின் நிரலைப் பராமரிக்கவே, யார் எதை மாற்றினார் என்று வரலாறு வைத்திருக்கும் பிட்கீப்பர் என்ற தனியுரிமக் கருவியை எடுத்துக்கொண்டார். இலவசமாகத் தந்தார்கள், ஆனால் நிபந்தனையோடு: இலவசமாகப் பயன்படுத்துபவர் போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது. அப்போதே பலர் சண்டை போட்டார்கள், டோர்வால்ட்ஸ் கேட்கவில்லை. வேலை உண்மையிலேயே வேகமெடுத்தது. விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வரோடு பேசும் ஒரு சிறு கருவியை உருவாக்கினார். நிறுவனம் கோபித்துக்கொண்டு 2005இல் இலவச உரிமத்தை நிறுத்திவிட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் திட்டம் திடீரென்று கருவி இல்லாமல் நின்றது.

அதே ஆண்டு ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் அதற்கு மாற்றாகக் கிட் என்ற கட்டற்ற கருவியை எழுதத் தொடங்கினார், ஜூனில் வந்த 2.6.12 கெர்னலே கிட்டில்தான் பராமரிக்கப்பட்டது. பிட்கீப்பர் நன்மை செய்ததா, தீமை செய்ததா? இரண்டும்தான் என்பேன். ஒவ்வொருவரிடமும் முழு வரலாற்றோடு ஒரு பிரதி இருக்கும் வேலைமுறையைக் கெர்னல்காரர்களுக்குப் பழக்கியது அது. ஆனால் கிட் பிறந்தது டோர்வால்ட்ஸ் போன்ற ஒருவர் கையில் இருந்ததால். எல்லாத் திட்டத்துக்கும் அப்படி ஆள் வாய்க்காது. (அந்தக் கிட்டை வைத்து உலகமே பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தின் சொந்த நிரல் தனியுரிமமானது என்பது தனிக் கூத்து.)

‘சரி, ஃபோட்டோஷாப் வந்தால் எல்லாரும் லினக்ஸுக்கு மாறிவிடுவார்களா?’ என்று அடுத்து கேட்பார்கள். எல்லாரும் மாற மாட்டார்கள், ஆனால் நம் ஊர் டிடிபி கடைக்காரர்களில் சிலராவது மாறுவார்கள். அவர்களிடம் போய் ‘பக்க வடிவமைப்புக்குக் கட்டற்ற ஸ்க்ரைபஸ் இருக்கிறதே’ என்று சொல்ல எனக்கே நெடுநாள் கூச்சமாக இருந்தது. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி அதன் நிலையான பதிப்பில் வந்ததே 2024 ஜனவரியில், 1.6இல்தான். அதுவரை அந்தக் கடைக்காரர் விண்டோஸை விட்டு நகராததற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஃபோட்டோஷாப்பைச் செய்யும் அடோபி லினக்ஸுக்கு வந்திருந்தால் ‘வாங்க’ என்றுதான் சொல்லியிருப்பேன். கூடவே, கோப்புகளை வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள் என்றும் சொல்லியிருப்பேன்.