குதிங்கால் கேள்விகள், இந்த வாரம் வந்ததுல சிலது

*லாரி ஏறி குதிங்கால் சதை போச்சு. தொடைத்தோல் ஒட்டுனா போதும்ங்கறார் ஒருத்தர், ஃப்ளாப்தான் (ரத்த ஓட்டத்தோட எடுத்து வைக்கிற சதை) வேணும்ங்கறார் இன்னொருத்தர். – காரைக்குடி*

காயம் எங்க இருக்குன்னு எழுதவே இல்லையே அண்ணே. எடை தாங்காத பக்கவாட்டுல, அடியில நல்ல சதை இருந்தா வெறும் தோல் போதும். மிதிக்கிற இடத்துல எலும்பு தெரிஞ்சா ஃப்ளாப்தான், வெறும் எலும்புல ஒட்டுத்தோல் பிடிக்காது. காயம் 5, 6 செ.மீ.க்குள்ளன்னா அதே பாதத்தோட உள்வளைவுல இருந்து சதையை நரம்பு, ரத்தக்குழாயோட திருப்பி வைக்கிறதுதான் என் முதல் சாய்ஸ், அதே ரகத் தோல், உணர்ச்சியும் இருக்கும். ஆனா அந்த ரத்தக்குழாயும் லாரியில நசுங்கியிருந்தா அது நடக்காது, கெண்டைக்கால்ல இருந்து எடுக்கணும். இன்னும் பெருசுன்னா தொடையில இருந்து எடுத்து மைக்ரோஸ்கோப் வச்சு குழாய் இணைக்கிற ஆபரேஷன், ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

*ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்னாடி பீடியை நிறுத்தணும்?*

4 வாரம். நாள் இல்லைன்னா இப்பவே. முடிஞ்ச பிறகும் தொடாதீங்க, ஃப்ளாப் கருத்துப் போறதுக்கு அது ஒண்ணே போதும்.

*ஓடு மாத்த ஏறி விழுந்து குதிங்கால் எலும்பு நொறுங்கிருச்சு, 10 நாள் கழிச்சு பிளேட் வைக்கிறேன்ங்கறாங்க, இழுத்தடிக்கிறாங்களா?*

இல்ல. வீக்கம் வத்தி தோல்ல சுருக்கம் விழுந்த பிறகுதான் கீறணும், அவசரப்பட்டா தையல் பிரியும். உயரத்துல இருந்து விழுந்தவங்களுக்கு முதுகெலும்பும் உடைஞ்சிருக்கலாம், அதுக்குப் படம் எடுத்தாங்களான்னு கேளுங்க.

*ஃபோட்டோ அனுப்பிருக்கேன் சார், என்ன பண்ணலாம்?*

வயசு எழுதல, சுகர் இருக்கான்னு எழுதல, அடிபட்டு எத்தனை நாளுன்னு இல்ல, படமும் மங்கல். நான் என்ன ஜோசியமா சொல்ல?

*ஃப்ளாப் வச்சு 8 மாசம் ஆச்சு, புண் சுத்தமா ஆறிருச்சு, வலியும் இல்ல. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்கலாமா? – தேவகோட்டை ஆச்சி*

கூடாது ஆச்சி. வருசா வருசம் தை பொறக்குறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி வந்துருது, நானும் இதையேதான் எழுதுறேன். வலி இல்லைங்கறீங்களே, அதுதான் எனக்குப் பயமே. சொந்தக் குதிங்கால்ல கொழுப்பு சின்னச் சின்ன அறையா எலும்போட இறுகக் கட்டியிருக்கும், தொடையில இருந்து வந்த சதைக்கு அந்தக் கட்டு கிடையாது, மிதிக்க மிதிக்க எலும்பு மேல நழுவும், பெரும்பாலும் உணர்ச்சியும் அரைகுறைதான். என்கிட்ட வந்த ஒருத்தருக்குக் கருவேல முள்ளு உள்ள ஒடிஞ்சு கிடந்துச்சு, சாக்ஸ்ல ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும். 150 கி.மீ. வெறுங்கால்ல தார் ரோட்டுல நடந்தா கொப்புளம், அப்புறம் புண்ணு, கடைசியில எலும்புல சீழ். முருகன் பஸ்ல வர்றவங்களையும் பார்க்கத்தான் செய்றான். வளவுல (வீட்டு உள்முற்றத்துல) செருப்பு போட்டா வீட்டுல திட்டுவாங்கன்னும் எழுதிருக்கீங்க, உள்ளுக்குன்னு தனியா ஒரு ஜோடி எம்சிஆர் (மெத்துன்னு இருக்கிற ரப்பர்) செருப்பு வச்சுக்குங்க. ராத்திரி படுக்கும்போது கண்ணாடி வச்சு அடிப்பாதத்தைப் பாருங்க, சிவப்பு தெரிஞ்சா அன்னையில இருந்து மிதிக்காதீங்க.

*முழங்காலுக்குக் கீழ எடுத்துரலாம்ங்கறாங்க.*

நரம்பு, எலும்பு, சதை மூணும் போயிருந்தா அதுவும் நல்ல வழிதான், பொய்க்கால்ல சீக்கிரம் வேலைக்குப் போயிரலாம். எலும்பு டாக்டர், பிளாஸ்டிக் சர்ஜன் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுப் பேசிட்டு முடிவெடுங்க.

*பைக் ஸ்போக்ல பையன் குதிங்கால் மாட்டிருச்சு, காபித்தூள் அப்பிருக்கோம்.*

கழுவுங்க, முதல்ல கழுவுங்க! குழாய்த் தண்ணி, சுத்தமான துணி, நேரா ஆஸ்பத்திரி, டிடி ஊசி. இன்னைக்கு நல்லா தெரியுற தோல் நாலஞ்சு நாள்ல கருக்கும், அதனால தையல் போட்டாச்சுன்னு விட்டுராம திரும்பக் காட்டுங்க. அப்புறம் பின்சக்கரத்துக்கு வலை மாட்டுங்க, சில நூறு ரூபாதான்.