சுரங்கப் பாதுகாப்பு ஆராய்ச்சியால் தொழிலாளிக்கு உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

கேள்விக்குக் கீழே "எல்லாம் பட்டம் வாங்கத்தானே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். மைனிங்கில் எம்.டெக். முடித்துவிட்டு, பிஎச்.டி.க்குப் போவதா வேலைக்குப் போவதா என்று யோசிப்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஃபோர்மேன் சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு வடக்கே ஒரு உலோகச் சுரங்கத்தில் 22 வருடம் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவன். பிறந்து வளர்ந்தது கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் லைன் வீட்டில். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனா 1957-இல் சுரங்கத்தில் சேர்ந்து 1991-இல் ரிட்டையர் ஆனவர்.

பயன் உண்டு. நைனா கைகால் முழுசாக வீடு திரும்பினதே அதனால்தான் என்று நம்புகிறேன்.

சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடி மட்டத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். ஆனால் ஆட்கள் பயந்தது சூட்டுக்கு இல்லை, 'ஏர் பிளாஸ்ட்' என்று ஊரில் சொல்லும் பாறைவெடிப்புக்கு. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் மலையளவு பாரத்தைத் தாங்கி நிற்கும் பாறை, பக்கத்தில் தாதை வெட்டி எடுத்ததும் மிச்சமிருக்கிற துண்டில் பாரம் முழுவதும் ஏறி, தாங்காமல் ஒரே நொடியில் சிதறிவிடும். மேலே எங்கள் வீடு வரை ஆடும். அலமாரியில் அடுக்கின சொம்பெல்லாம் கிணுகிணுவென்று நடுங்கும். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். லைன் முழுக்கப் பெண்கள் வெளியே நின்று, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் பேசமாட்டார்கள்.

நைனா முதலில் சேர்ந்தது கல்லுக்கட்டு கோஷ்டியில். தாது எடுத்த இடத்தில் கருங்கல்லை அடுக்கிச் சுவர் கட்டுவார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு இருக்குமல்லவா, பாரம் ஏறினால் சுவர் நசுங்கி இறங்கும். இறங்கின அளவுக்குப் பாரம் வெட்டாத துண்டின் மேல் போய் உட்காரும், அது வெடிக்கும். எந்த வெடிப்பு, எந்த ஸ்டோப்பில் (தாது வெட்டும் இடத்தில்), எந்த நாளில், எவ்வளவு பெரியது என்று வருடக்கணக்காகப் பதிவு செய்து, வரைபடத்தில் குறித்து உட்கார்ந்து பார்த்தவர்களால்தான் வெட்டும் முறை மாறியது. நடுவில் சின்னத் துண்டுகளை மிச்சம் வைக்காமல் வரிசையாக வெட்டினார்கள். கருங்கல் போய் காங்கிரீட் வந்தது. நைனா சொல்லுவார்: "கல்லுக்கட்டு நொறுநொறுன்னு சத்தம் குடுத்துக்கினே இருக்கும்டா. காங்கிரீட்டு வந்தப்புறம் சத்தமே இல்ல. மொதல்ல அதுவே பயமா இருந்துச்சு."

வெடிப்பு அடியோடு நின்றுவிட்டதா என்று யாராவது கேட்பீர்கள். நிற்கவில்லை. 1962-இல்கூட சாம்பியன் ரீஃபில் ஒரு பகுதியே குலுங்கிப் போனது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன். 1970-களின் கடைசியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்ந்து மேலேயும் கீழேயும் ஜியோஃபோன் என்ற அதிர்வுக் கருவியைப் பதித்து அதிர்வைக் கணக்கெடுத்தார்கள். 1988-இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் எங்கள் ஊரிலேயே தொடங்கியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடி, உள்ளே தண்ணீர் ஏற ஏற, ஆளே இல்லாத சுரங்கத்திலிருந்து மறுபடி அதிர்வு வந்தது. அதையும் ஆராய்ந்தார்கள். கோலார் ஆராய்ச்சி என்றால் எல்லோரும் 1965-இல் அங்கே நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்த கதையைத்தான் எழுதுகிறார்கள். பெருமையான விஷயம்தான். ஆனால் வெடிப்பு வரைபடம் போட்டவர்களை யாரும் நினைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இனி நைனா கதையின் மற்ற பாதி.

1998-இல் அவருக்கு இருமல் பிடித்தது. நான் லீவில் வந்து வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் டிபி என்றார்கள். "சார், இவர் தங்கச் சுரங்கத்துல 34 வருஷம்" என்று நானே சொன்னேன். கல்லுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் என்ற சொல் எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி மாதிரி எல்லார் வாயிலும் இருப்பது. அந்த டாக்டர் கேஸ் ஷீட்டிலிருந்து தலை தூக்காமலே, "வேலைய விட்டு ஏழு வருஷம் ஆச்சே, இப்ப எப்படி வரும்?" என்றார். ஒன்பது மாதம் மாத்திரை. மூன்று முறை சளி பார்த்தார்கள், மூன்று முறையும் கிருமி இல்லை. நைனா எடை 61-லிருந்து 47-க்கு இறங்கினார்.

பிறகு வேறு ஊரில் வயதான ஒரு டாக்டரம்மா. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, "ஐயா, என்ன வேலை பார்த்தீங்க?" என்று நைனாவைத்தான் கேட்டார், என்னை இல்லை. நைனா சொன்னதும் பேனா முனையால் காட்டினார். நுரையீரலின் மேல் பாகத்தில் கடுகு இறைத்த மாதிரி புள்ளிகள். நடுவில் நெறிக்கட்டிகளைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி வெள்ளைக் கோடு. "இது கல்லுத் தூசி. வேலைய விட்டாலும் இது உள்ள வளர்ந்துகிட்டேதான் இருக்கும்" என்றார்.

டாக்டர்கள் யாராவது சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். சிலிக்கா தூசி உள்ளவர்களுக்கு டிபி வர வாய்ப்பு அதிகம் என்று எனக்கும் தெரியும். சந்தேகப்பட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. நைனா பீடி குடித்தவர், அதையும் மறைக்கவில்லை. ஆனால் கோலார் தொழிலாளிகள் 7,653 பேரைப் பரிசோதித்து, நூற்றுக்கு 44 பேர் அளவுக்கு சிலிக்கோசிஸ் என்று ஆய்வு வெளிவந்தது 1947-இல். ஐம்பது வருடம் கழித்தும் அது அந்த டாக்டரின் மேசைக்கு வந்து சேரவில்லை. நைனா 2003-இல் போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன முறை நான் எழுதிய பதிலின் கீழே ஒருவர் "நைனா தெலுங்கு, நீங்கள் தமிழர்தானா?" என்று கேட்டிருந்தார். பஞ்சம் பிழைக்க வடஆற்காட்டிலிருந்து போன குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசியது, சண்டை போட்டது, ஒப்பாரி வைத்தது எல்லாம் தமிழில்தான். கர்நாடகப் பக்கம் எங்களைத் தமிழர் என்கிறார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் கன்னடரா என்கிறார்கள். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய் வேலை பார்த்து ராத்திரி திரும்பும் என் அண்ணன் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் விளக்க நேரமில்லை, அதனால் நான் விளக்குகிறேன்.

இப்போது உங்கள் பிஎச்.டி.க்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த சுரங்கத்துக்கு ஒரு முறை தூசி அளக்க ஒரு குழு வந்தது. என் ஷிஃப்ட் ஆட்கள் எட்டுப் பேரின் இடுப்பில் சின்ன பம்ப்பைக் கட்டி, குழாயைச் சட்டைக் காலரில் குத்திவிட்டார்கள். அதன் முனையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை ஃபில்டர். எட்டு மணி நேரம் அதோடு வேலை. ஆட்கள் பொறுமையாக ஒத்துழைத்தார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் பழுப்பேறிப்போன ஃபில்டரை டப்பியில் போட்டு எடுத்துப் போனார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள்: "சாப், எனக்கு எவ்வளவு வந்தது?" மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பட்டம் கிடைத்துவிட்டது என்று மட்டும் பிறகு காதில் விழுந்தது. உங்கள் வரியைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. அதனால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

ஆனால் நான்கு வருடம் கழித்து இன்னொரு பையன் வந்தான். அவனும் அதே பம்ப், அதே ஃபில்டர்தான். இரண்டு மாதத்தில் கணக்கோடு திரும்பி வந்து, கீழே ரெஸ்ட் ஷெல்டரில் இருந்த கரும்பலகையில் ஒவ்வொருவர் வேலைக்கும் நேரே எண்ணை எழுதிப் போட்டான். தண்ணீர் விட்டுத்தான் துளை போடுகிறோம், பிறகு ஜாக்ஹாமரால் துளை போடும் ஆட்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று எல்லோருக்கும் குழப்பம். அவன் ஒரு நாள் முழுக்க ராம் என்ற டிரில்லர் பக்கத்திலேயே நின்று பார்த்துக் கண்டுபிடித்தான். துளையின் வாயைத் தொடங்கும் முதல் ஒரு நிமிடம், டிரில்லின் நுனியான பிட் வழுக்காமல் பிடிக்கட்டும் என்று எல்லோரும் தண்ணீரை மூடி வைத்துக் காய்ந்த கல்லில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். என் ஷிஃப்டில் தினமும் என் கண்ணெதிரே நடந்ததுதான். கேப் லாம்ப் வெளிச்சத்தில் தெரியும் தூசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்கே தெரியாத பொடி என்று அவன் சொல்லித்தான் ராமுக்குப் புரிந்தது.

அந்தப் பையனும் பட்டம் வாங்கினான், வாங்கட்டும். ஆய்வுக்கு எந்தச் சுரங்கத்தை எடுத்தாலும், அளந்ததை முதலில் அந்தக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிறகு வழிகாட்டியிடம் கொடுங்கள். நான் ரிட்டையர் ஆன 2018-இலும் என் ஷிஃப்டில் ஹெல்பர் முதலில் தண்ணீர்க் குழாயைத் திறந்து, பிட் முனையில் சொட்டுவதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லருக்குக் கை காட்டுவான்.